எல்லோரும் ஐந்து போட்டார்கள்

3 மார்ச் 2025, திங்கள்

போடியிலிருந்து வந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று மதியம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் என் ஆய்வு வழிகாட்டி சுந்தரலிங்கம் சார் கூப்பிட்டு ஆய்வுத் தலைப்புக்கு ஒப்புதல் கொடுத்தார். 'பல்கலைக்கழக இணையதளத்தில் மெனுக்களும் பெயரிடலும்: ஓர் ஒருமைப்பாட்டு மதிப்பீடு'. சொல்லும்போது பெரிதாக இருக்கிறது. செய்யப் போவது இவ்வளவுதான். எங்கள் பல்கலைக்கழகத்தின் சைட்டைத் திறந்து, ஒரே விஷயத்துக்கு எல்லாப் பக்கத்திலும் ஒரே பெயர் இருக்கிறதா, ஒரு பக்கத்தில் மேலே இருக்கும் மெனு அடுத்த பக்கத்திலும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். நூலக அறிவியல் படிக்கிறவளுக்கு இதுவும் அலமாரி சரிபார்க்கிற வேலைதான்.

கம்பத்தில் ஒரு கல்லூரியில் உதவி நூலகராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் கல்லூரி திறக்கும்போது எம்.லிப். தேறியிருக்க வேண்டும். ஆய்வேடு தள்ளிப்போனால் அடுத்தது டிசம்பர். அதுவரைக்கும் எனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டா காத்திருப்பார்கள்? மறுபடியும் அப்பாவின் பாத்திரக் கடையில் கல்லாவுக்குப் பின்னால்தான். இரண்டு வருடம் உட்கார்ந்தது போதும் கர்த்தாவே.

சார் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஃபோன். சொந்தக்காரர் யாரோ, பையனுக்கு விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். "சைட்ல எல்லாம் தேடிக்கிட்டு இருக்காதீக மாப்ள. நேரா வந்துருங்க, நான் போட்டுத் தாரேன்." சேர்க்கைக் காலம் வந்தால் சாருக்கு நாள் முழுக்க இதுதான்.

6 மார்ச், வியாழன்

விடுதியைத் தேடினேன். எனக்கு விடுதி வேண்டாம். ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான் என்பதால் அங்கிருந்து ஆரம்பித்தேன்.

முகப்பின் மெனுவில் 'வளாக வாழ்க்கை' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் மரம், செடி, விளையாட்டு விழா என்று படங்களாக வருகின்றன. விடுதி இல்லை. சேர்க்கைப் பக்கத்துக்குப் போனால் மெனுவே மாறிவிடுகிறது. அங்கே அதற்குப் பெயர் 'மாணவர் வசதிகள்'. உள்ளே போனால் வருகிற பக்கத்துக்குத் தலைப்பு 'உறைவிடம்'. விண்ணப்பம் அங்கேயும் இல்லை. அது 'பதிவிறக்கம்' என்ற வேறொரு மூலையில் 'படிவம் 7' என்று மட்டும் பெயர் வைத்துக்கொண்டு கிடக்கிறது. முகப்பின் அடியில் எழுத்து ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, 'ஹாஸ்டல் அட்மிஷன்' என்று, பக்கத்தில் 'புதிது' மினுக்கிக்கொண்டு. மூன்று வருடமாகப் புதிது.

இதற்குள் எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. எனக்கு ஒரு சாமான் அதன் இடத்தில் இல்லையென்றால் ஆகாது. வீட்டுக்கு வந்து, கடையில் அப்பா சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து எல்லா அலமாரித் தட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். தூக்குவாளி, சம்படம், தாம்பாளம், இட்லிக் கொப்பரை.

அப்பா வந்து நின்று பார்த்தார். "ஏ ஜெபா, தூக்குவாளி வேணும்கிறவக 'அண்ணாச்சி, தூக்குவாளி'ன்னு கேப்பாக. நான் எடுத்துக் குடுப்பேன். இதப் படிச்சா வாங்கப் போறாக?"

"நீங்க இல்லாத அன்னைக்கு?"

"நான் எங்க போகப் போறேன்."

ஆனாலும் கிழிக்கவில்லை. அப்பாவுக்கு என்னிடம் அவ்வளவு பயம்.

7 மார்ச்

ஒரே விடுதிக்கு நாலு பெயர் என்று நேற்று எண்ணியது தப்பு. கட்டண விவரப் பக்கத்தில் 'தங்கும் செலவு' என்று ஐந்தாவது இருக்கிறது.

13 மார்ச், வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

பெயர்களை எல்லாம் எழுதிக்கொண்டு போய் சாரிடம் காட்டினேன். குறை என்று சொல்லவில்லை, 'தரவு' என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "உறைவிடம்... இது நான் தேடி வச்சது தெரியுமா?" என்றார்.

தெரியாது. யாரும் சொல்லவில்லை. இந்த சைட்டை ஆரம்பத்தில் செய்தது சார். கமிட்டி என்று பெயருக்கு ஐந்து பேர். உட்கார்ந்து செய்தது இவர் ஒருத்தர். "அப்ப இங்கன ஒருத்தருக்கும் கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கத் தெரியாதும்மா. இங்கிலீஷ்ல இருந்ததுக்கு ஒவ்வொண்ணா வார்த்தை தேடி வச்சேன். பஸ்ல போகும்போது ஒண்ணு தோணும். அடுத்த பக்கம் போடும்போது அதை வச்சிருவேன்."

பழைய பக்கத்தில் மாற்றினீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மாற்றவில்லை என்பதுதான் என் கையில் தாளாக இருந்ததே. ஒவ்வொரு சொல்லும் நல்ல சொல். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் சான்றிதழ் கையெழுத்து இவர் போட வேண்டும். உள் மதிப்பெண்ணும் இவர் கையில். ஏன் இந்தத் தலைப்பை எடுத்தேன்? வேறு யூனிவர்சிட்டியின் சைட்டை எடுத்திருக்கலாம். பிரச்சினையே இல்லாமல் திட்டியிருக்கலாம்.

20 மார்ச், வியாழன்

நூலகத்தில் இரண்டு கம்ப்யூட்டரை ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டு, மாணவர்களை உட்கார வைத்துச் சோதனை. ஆளுக்கு மூன்று வேலை: விடுதி விண்ணப்பம், மறுமதிப்பீட்டுக்கான தேதி, நூலக நேரம். தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முடித்ததும் ஒரு தாளில், பெயர்கள் குழப்பமில்லாமல் இருந்தனவா என்று ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் மதிப்பெண்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். விடுதி விண்ணப்பத்தைக் கண்டுபிடித்தவர் ஒருத்தர்கூட இல்லை. ஈஸ்வரபாண்டி என்று காமயகவுண்டன்பட்டிப் பையன், வீட்டில் திராட்சைத் தோட்டம், அவன் மட்டும் ஓடுகிற எழுத்தை விரட்டி விரட்டித் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

எல்லோரும் ஐந்து போட்டார்கள்.

கடைசியாக ஓவியா. முதலாமாண்டு. மேகமலைத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீடு. இங்கே சின்னமனூரில் சித்தி வீட்டில் தங்கி வருகிறாள். பாதியிலேயே அந்தப் பிள்ளைக்கு உதட்டுக்கு மேல் வேர்த்துவிட்டது. துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துத் தேடினாள். கிடைக்கவில்லை. தாளை எடுத்து வரிசையாக ஐந்து, ஐந்து, ஐந்து.

"கண்டுபிடிக்கவே முடியலையே, ஏன் அஞ்சு போட்ட?"

"நல்லாத்தான்க்கா இருக்கு. எனக்குத்தான் தெரியல."

இதை எப்படி அட்டவணையில் போடுவது?

21 மார்ச், வெள்ளி

இந்த மாதிரி ஆய்வுக்கு இரண்டாவது மதிப்பீட்டாளர் ஒருத்தர் வேண்டும். நான் பார்த்த அதே பக்கங்களை அவர் தனியாகப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் பார்ப்போம். என் வகுப்பில் படிக்கும் வைகுண்டராஜைக் கேட்டிருந்தேன். வருசநாட்டுக்காரன், நல்ல கண், பக்கத்துக்குப் பக்கம் தப்பு பிடிப்பான்.

தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் ஐந்து.

"பாத்தியா, பாக்காமயே போட்டியா?"

"பாத்தேன். சார் பண்ணதுல்ல. நான் எப்படிக் கொறைக்க?"

"உம்பேரு வெளிய வராது."

"எங்கையெழுத்து சாருக்குத் தெரியும் ஜெபா."

போச்சு. சார் அதற்குள் தாள்களை வாங்கிப் புரட்டிவிட்டு, "பாத்தியாம்மா, மாணவர்கள் மத்தியில நல்ல பேர் இருக்கு" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் பாவமாக இருக்கிறது.

23 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக காமயகவுண்டன்பட்டி. அப்பாவுக்கு ரொம்ப நாள் வாடிக்கைக்காரர் அய்யாத்துரை வீட்டுக் காதுகுத்து. கறிச்சோறு. லெந்து நாட்கள், கறி கூடாது என்பதால் அம்மா ரசத்தோடு நிறுத்திக்கொண்டாள். அப்பா அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், நாங்கள் பார்க்கவில்லை என்ற நினைப்பில்.

குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கை கழுவ எழுந்தபோது அய்யாத்துரை எதிரே வந்து, "சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சு?" என்றார்.

"ரொம்ப நல்லாருந்துச்சு."

என் வாய்தான் சொன்னது. யோசிக்கவே இல்லை. அவர் சந்தோஷமாக அடுத்த ஆளிடம் போனார், அந்த ஆளும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா, "என்னா உப்பு, நாக்கு வெந்துபோச்சு. சமையக்காரன் எங்கிட்டுப் பிடிச்சாகளோ" என்று போடி வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். ரசம் மட்டும் சாப்பிட்டவள்.

அந்தத் தாள்கள் நினைவுக்கு வந்துவிட்டன. நான் மாணவர்களைப் பந்தியில் உட்கார வைத்து, சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறேன்.

26 மார்ச், புதன்

ஓவியா நூலகத்துக்கு வந்தாள். அன்றைக்குத் தேடிக் கிடைக்காத விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வழியைக் காட்டினேன். "இங்கனயா இருந்துச்சு" என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். போன வருடம் இது கிடைக்காமல்தான் சித்தி வீட்டுக்குப் போனாளாம். வெளியில் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவள் குரல். ஃபோனில். எஸ்டேட்டில் இருக்கும் தங்கச்சி பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள், அவளுக்கு வழி சொல்கிறாள்:

"ஏ பிள்ள, மேல மூணு கோடு இருக்கா, அதை அமுக்கு. வளாக வாழ்க்கைன்னு வரும், அங்கன போயிறாத. போனா வெறும் மரமாத்தான் இருக்கும்... இல்ல இல்ல, உறைவிடத்துலயும் இல்ல. சும்மா பேர் மட்டும் வச்சிருக்காக. பதிவிறக்கத்துக்குப் போ. ஏழாம் நம்பர். ஏழுன்னா என்னன்னு எனக்கு என்ன தெரியும், எந்தக் கெரகம் புடிச்சவன் வச்சானோ. ஒரு சாமானுக்கு ஒரு பேர் வைக்கத் தெரியாதா இவகளுக்கு? இதுல நான் ஒரு வருசம் சித்தப்பன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

நான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். ஐந்து போட்ட பிள்ளை இது. என்னிடம் சொல்லாத அத்தனையும் தங்கச்சியிடம் சொல்கிறது. நான் விருந்து போடுகிறவள்; என்னிடம் எப்படிச் சொல்லும்? தங்கச்சிக்கு வழி சொல்லும்போது அது விருந்தாளி இல்லை. அது அக்கா. தங்கச்சி தொலைந்து போகக் கூடாது.

ஓடிப்போய்க் கேட்டேன், பேசினதை எழுதிக்கொள்ளட்டுமா என்று. முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சார்கிட்ட சொல்லிராதீக." பெயர் வராது என்று மூன்று தடவை சத்தியம் செய்தபிறகு, "அப்ப அந்தக் கெரகத்தை மட்டும் எடுத்துருங்க" என்றாள்.

2 ஏப்ரல், புதன்

மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டேன். இந்த முறை கேள்வித்தாள் கிடையாது. வீட்டில் தம்பியோ தங்கச்சியோ யாருக்காவது ஃபோன் போட்டு அதே மூன்று பக்கத்துக்கும் வழி சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன், சம்மதம் வாங்கிக்கொண்டு. இப்படி வாய்விட்டுப் பேச வைத்துக் கவனிப்பது ஏற்கெனவே உள்ள முறைதான், புத்தகத்தில் தேடி வைத்துக்கொண்டேன். சார் கேட்டால் காட்ட வேண்டுமே.

கொட்டுகொட்டென்று கொட்டினார்கள். ஈஸ்வரபாண்டி அவன் அண்ணனிடம், "ஓடுற எழுத்த நம்பாதண்ணே, அது நம்மளச் சுத்த விடும்" என்றான். ஒரு பெண், "ஒரு பக்கத்துல இருக்கிற மெனு அடுத்த பக்கத்துல இல்ல மதினி, பயந்துராதீக, தப்பா எதையும் அமுக்கல" என்று தைரியம் சொன்னாள்.

பயந்துராதீக. எத்தனை பேர் இந்த சைட்டில் பயந்திருப்பார்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வேறு பயம்.

8 ஏப்ரல்

பேனா எடுத்தால் எழுத்து வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா சாதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

9 ஏப்ரல், புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா முழுவதும் கேட்டாள். பிறகு, "எல்லாரும் அஞ்சு போட்டாகளா இல்லையா?" என்றாள்.

"போட்டாக."

"அப்ப அஞ்சுன்னு எழுது. பொய்யா சொல்ற? அவுக போட்டதத்தான எழுதுற."

எவ்வளவு சுளுவாக இருக்கிறது. பொய்யே இல்லை. தாள் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. வைகுண்டராஜ் தாளையும் சேர்த்தால் கணக்கு அழகாக வரும். சார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். ஜூனில் கம்பம்.

"கம்பத்து வேல போயிருச்சுன்னா கடையில வந்து ஒக்காந்துக்கிட்டு என்னையும் அப்பாவையும் படுத்துவ. தட்டுத் தட்டா எழுதி ஒட்டுவ." சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்குத்தான் தெரியல, எனக்குத்தான் தெரியல. அந்தப் பிள்ளை சொன்னது காதிலேயே நிற்கிறது. ஐந்து என்று நான் எழுதினால், அவளுக்குத்தான் தெரியவில்லை என்று நானும் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அது மட்டும் என்னால் முடியாது. முடியாதுன்னா முடியாது.

11 ஏப்ரல், வெள்ளி

ஆய்வேட்டைச் சாரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு அட்டவணையில் இடது பக்கம் தாளில் போட்ட ஐந்துகள். வலது பக்கம் அதே ஆள் ஃபோனில் சொன்னது. கடைசி அத்தியாயத்தில் என் பரிந்துரை: ஒரு பொருளுக்கு ஒரே பெயர், எல்லாப் பக்கத்திலும், மெனு எங்கேயும் மாறக் கூடாது, 'படிவம் 7' என்பது 'விடுதி விண்ணப்பம்' ஆக வேண்டும். விடுதி என்ற சொல்லை எடுத்ததற்குக் காரணம், ஃபோனில் ஹாஸ்டல் என்று சொல்லாதவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். உறைவிடம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சார் அங்கேயே படித்தார். நிற்கவா உட்காரவா என்று தெரியாமல் நின்றேன். வலது பக்கத்துக்கு வந்ததும் பக்கம் புரட்டுகிற வேகம் குறைந்தது. மரம் வரும் என்பதைப் படித்தார். சுத்த விடும் என்பதைப் படித்தார்.

"நல்ல மார்க் போட்டாகளே எல்லாரும்."

"அதுவும் இருக்கு சார், இடது பக்கம்."

"நம்ம வீட்டுக் குறைய நாமளே அச்சடிச்சுக் குடுக்கணுமாம்மா?"

அதில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்து, வழக்கம்போல, "சைட்ல பாக்க வேணாம், நேர்ல வந்துருங்க" என்று வைத்தார்.

என் வாய் எப்போதும் எனக்கு எதிரி. "சார், நீங்களே எல்லாரையும் நேர்லதான வரச் சொல்றீக" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. சார் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினார்.

"வச்சுட்டுப் போ" என்றார்.

12 ஏப்ரல்

ஏன் சொன்னேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

சார் அறைக்கு வெளியே பெஞ்ச் ஒன்று இருக்கிறது. அதில் காலையிலும் உட்கார்ந்தேன், சாயங்காலமும் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. போகும்போது, வரும்போது, "என்னம்மா" என்கிறார். என்னம்மாவுக்கு என்ன பதில்?

ஒப்படைக்கக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். விடியற்காலை ஆராதனையில் எல்லோரும் உயிர்த்தெழுந்தார் என்று பாடும்போது நான் முப்பதாம் தேதியை நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும்.

24 ஏப்ரல், வியாழன்

வைகுண்டராஜ் வந்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனவன், அங்கே சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மறுபடியும் பார்த்திருக்கிறான். புதுத் தாள் கொடுத்தான். இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு. ஓரிரண்டு இடம் தவிர நான் போட்டதேதான்.

"என்ன திடீர்னு?"

"எங்கப்பாவுக்கு பட்டா எடுக்கணும்னு வேற ஒரு ஆபீஸ் சைட்டைத் தொறந்தேன். அதுவும் இதே மாதிரி சுத்த விடுது. நானே அப்பா முன்னாடி முழிச்சேன். அவரு, 'காலேசு படிச்சு என்னத்தக் கிழிச்ச'ன்னு கேட்டாரு." தாளைக் காட்டி, "எம்பேரைப் போட்டுரு. பரவால்ல" என்றான்.

கட்டிப்பிடித்திருப்பேன். பஜார் முழுக்கப் பேசும் என்பதால் டீ வாங்கிக் கொடுத்தேன்.

28 ஏப்ரல், திங்கள்

சார் கூப்பிட்டார். மேசையில் என் பிரதி. சான்றிதழ் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. பச்சை மை.

"நல்லாருக்கும்மா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வரியில்கூடத் திருத்தம் இல்லை. படித்தாரா? படித்துவிட்டுத்தான் சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன், காதுகுத்து வீட்டில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

நல்லாருக்கு என்றால் என்ன அர்த்தம் என்று ஐந்து அத்தியாயம் எழுதியவளிடம் போய் நல்லாருக்கு என்கிறார்.

30 ஏப்ரல்

ஒப்படைத்தாயிற்று. அட்டை நீலம். உள் மதிப்பெண் இன்னும் போடவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

9 மே, வெள்ளி

வீரபாண்டியில் திருவிழா. பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வு பதினான்காம் தேதி. வெளியிலிருந்து வருகிறவர் கடுமையான ஆள் என்று பேச்சு. அவர் கடுமையாக இருந்தால்கூடச் சமாளிப்பேன். பக்கத்து நாற்காலியில் சார் இருப்பாரே.

14 மே, புதன்

வெளித் தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்டார். தாளில் போட்டதை விட்டுவிட்டு ஃபோனில் சொன்னதை ஏன் நம்ப வேண்டும் என்றார். விடவில்லை மேடம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்றேன். உப்புக் குழம்பைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? சிரித்தார்.

பிறகு பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சாதாரணமாக, "இந்த சைட் ஆரம்பத்துல யார் பண்ணது?" என்று கேட்டார்.

ஆய்வேட்டில் எங்கேயும் சார் பெயரை நான் எழுதவில்லை. என்ன சொல்வது, கமிட்டி என்று சொல்லலாமா, தெரியாது என்று சொல்லலாமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றார் சார். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார், அவர் போட்ட பச்சைக் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. முடியும்போது, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார்.

15 மே

நல்லாப் பண்ணின என்று வைகுண்டராஜ் சொன்னான். நல்லாப் பண்ணியிருப்ப என்று அம்மா சொன்னாள். நல்லாத்தான்க்கா பண்ணியிருப்பீக என்று ஓவியா சொன்னாள்.

ஒருத்தர் சொல்வதையும் நம்ப முடியவில்லை. இந்த வியாதியை நானே எனக்கு வரவழைத்துக்கொண்டேன்.

24 மே, சனி

கடையில் உட்கார்ந்தேன். கல்யாணச் சீர் வியாபாரம். அப்பா வெளியே போயிருந்தபோது ஒரு அம்மா வந்து, நான் எழுந்திருப்பதற்குள் தட்டைப் படித்துத் தானே சம்படத்தை எடுத்துக்கொண்டார். அப்பா வந்ததும் சொன்னேன். "சரி சரி" என்றார்.

உள் மதிப்பெண் போட்டாகிவிட்டதாம். எவ்வளவு என்று சொல்ல மாட்டார்களாம்.

சார் குறைத்திருந்தால்? குறைத்தாலும் தப்பில்லை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. நான் அவர் வாழ்நாளில் செய்த ஒரு வேலையை எடுத்துப் பத்துப் பிள்ளைகளை விட்டுத் திட்ட வைத்து, அதை நீல அட்டை போட்டு அவரிடமே கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நான் சாராக இருந்தால் குறைத்திருப்பேன். நான் நல்லவள் இல்லை.

4 ஜூன், புதன்

தேறிவிட்டேன்.

சார் குறைக்கவில்லை. அள்ளிக் கொடுக்கவும் இல்லை. எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு. அம்மா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். அப்பா வாடிக்கைக்காரர்களுக்கு எல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் கரண்டி என்று கிளம்பினார். அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டு வந்து தடுத்தாள்.

கம்பத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். பதினாறாம் தேதி வரச் சொன்னார்கள்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன். ஆனால் நான் எழுதினதைப் பற்றி சார் மனசில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவே போவதில்லை. நேரே கேட்டால் நல்லாருக்கு என்பார்.

6 ஜூன், வெள்ளி

மாற்றுச் சான்றிதழுக்குத் துறைத்தலைவராகச் சார் கையெழுத்து வேண்டும். காலையிலிருந்து சாரல். பல்கலைக்கழகம் முழுக்கச் சேர்க்கைக் கூட்டம், நனைந்த குடைகள், அப்பாக்கள். சார் அறை வாசலில் அதே பெஞ்ச். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஃபோன் அடித்தது.

"யாரு, நாகஜோதியா? சொல்லுத்தா... மகளுக்கா... இல்லல்ல, நேர்ல எதுக்கு மழையில. சைட்டத் தொற."

நான் குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"தொறந்துட்டியா? மேல பாரு, விடுதின்னு இருக்கா... ஆமா, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். மத்ததெல்லாம் எடுத்தாச்சு. முன்னாடி நான்தான் ஏகப்பட்ட பேரு வச்சு விட்டிருந்தேன், எங்க பிள்ள ஒண்ணு உக்கார வச்சு எடுத்துச் சொல்லுச்சு. நல்ல பிள்ள... அத அமுக்கு."

அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன்.

"வந்துருச்சா? சரித்தா, வச்சுரு."

பிறகு கூப்பிட்டார். போனேன். கையெழுத்துப் போட்டார்.

"கம்பத்துல என்னைக்குச் சேர்ற?"

"பதினாறு, சார்."

"சரிம்மா" என்றார். அடுத்த ஃபோன் அடித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. போடி வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தேன்.